பத்து ரூபாய் குறைவாக

ஆஸ்டின் டவுனில் என் கடைக்கு எதிரே, மின்கம்பத்தின் மறைவில் அவர் நிற்பார். நரைத்த தாடி, வெயிலிலும் ஸ்வெட்டர். கடைக்குத் தனியாக வந்து பால் வாங்குவது அவருடைய மகள். மனவளர்ச்சி குன்றியவள், இருபது வயதிருக்கும். அப்பா பார்ப்பதும், பிறகு அவள் பின்னாலேயே வீடுவரை போவதும் அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் என்னிடம் வந்தார். "தம்பி, பாப்பாவுக்குச் சில்லறைய அப்பப்போ கம்மியா குடுங்க."

"பாவம் சார், எதுக்கு?"

"வீட்ல நாங்க ரெண்டே பேர். எனக்கப்புறம் ஏமாத்தறவன் சொல்லிட்டா ஏமாத்துவான்? இப்பவே பழகட்டும்."

எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். அவள் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். கையை நீட்டினாள்.

"இன்னும் பத்து குடுங்க அங்கிள்."

சந்தோஷமாக எதிரே பார்த்தேன். அவர் அவளுக்காகக் காத்திருக்காமல், முதன்முறையாகத் தனியே வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.