இருமிப் பார்த்த பெரிய டாக்டர்

ஆராய்ச்சி செய்ய வந்த அவளுக்கு அந்த ஆஸ்பத்திரி நர்சுகள் வைத்த பெயர் 'வேடிக்கை'. பின்னே என்ன? ஊசி போடமாட்டாள், மாத்திரை கொடுக்கமாட்டாள், நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டிலும் இதே பாட்டுதான். "உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஒரு படிப்பு, அதுக்கு ஒரு வேலை. கொடுத்து வச்சவ," என்பாள் நாத்தனார். ஆராய்ச்சி என்றாலே கேள்வித்தாளை நீட்டி டிக் போடச் சொல்வது என்று நினைக்கிற உலகம் இது. மனுஷரோடு மனுஷராகக் கிடந்து தெரிந்துகொள்வதும் ஆராய்ச்சிதான் என்று விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு ஆளே வருவதில்லை என்றுதான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். சீட்டு வாங்குகிறார்கள், பெயரைக் கூப்பிட்டால் காணோம். சலித்துப்போன நிர்வாகம், மாதக் கடைசியில் அந்தப் பிரிவையே இழுத்து மூடுவதாக இருந்தது. மூடினால் வைத்தியத்துக்கு அடுத்த ஊருக்குத்தான் போகவேண்டும். பாதிப் பேர் போகமாட்டார்கள். மருந்தை நடுவில் விட்டுவிட்டுச் செத்துப்போவார்கள்.

முதலில் டாக்டர் அறைக்குள் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு எல்லாப் பிரிவுக்கும் பொதுவான கூடத்துப் பெஞ்சுக்கு மாறினாள். ஒருநாள் காலையில் பக்கத்தில் இருந்த வெல்டர் இருமினார். அவ்வளவுதான், பெஞ்சே திரும்பி முறைத்தது. கால்கட்டோடு வந்த அம்மா ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். அந்த மனுஷர் கூனிக்குறுகிப் போனார்.

"அம்மா, என் பேரைக் கூப்பிட்டா ஒரு குரல் கொடுங்க. நான் அந்தப் பக்கம் இருக்கேன்," என்று அந்த அம்மாளிடமே சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவளும் பின்னாலேயே போனாள். கட்டடத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகை. அங்கே, அடேயப்பா, நிற்க இடமில்லை. எல்லோரும் கையில் சீட்டோடு இருமிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே யாரிடமோ 'ஒரு குரல் கொடுங்க' என்று சொல்லி வைத்துவிட்டு வந்தவர்கள். அந்த யாரோ, தன் வேலை முடிந்ததும் கிளம்பிப் போயிருப்பார். சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு, இன்றைக்கு நம் முறை வரவில்லை போலிருக்கிறது என்று இவர்கள் வீட்டுக்குப் போவார்கள். உள்ளேயோ, ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

பெரிய டாக்டரிடம் ஓடினாள். அவர் நல்லவர்தான், ஆனால் நம்பவில்லை.

"இருமுறாங்கன்னு யாரையும் நாங்க வெளியே போகச் சொல்றதில்லையேம்மா."

"நீங்க சொல்ல வேண்டாம் சார். கோட்டைக் கழட்டிட்டு என்கூட வந்து பெஞ்சில உட்காருங்க. ரெண்டு தடவை இருமுங்க, போதும்."

இதென்ன கூத்து என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். முதல் இருமலுக்கே பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். இரண்டாவது இருமலுக்கு, சீட்டு கொடுக்கிறவர் தலையை நிமிர்த்தாமலே, "யாருப்பா அது, வெளியே போய் இருமு," என்று அதட்டினார். தன் ஆஸ்பத்திரி, தன் சிப்பந்தி. நீ யார்கிட்ட பேசறே தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முகம் சிவந்துபோய், அந்த வெல்டரைப் போலவே வாயை மூடிக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார். கால் தானாகக் கொட்டகைக்குப் போய் நின்றது. அங்கே இருந்த கூட்டத்தையும் ஒவ்வொருவர் கையிலும் இருந்த சீட்டையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னாலயே உட்கார முடியலையேம்மா," என்றார் கடைசியில்.

"அதான் சார் நான் சொன்னது."

"இவங்களை உள்ளே கூப்பிட வேண்டாம். டாக்டரை இங்கே வரச் சொல்லுங்க," என்றார் பெரிய டாக்டர்.

மதியத்துக்குள் சைக்கிள்கள் வேறு பக்கம் போயின. டாக்டரின் மேஜையும் நாற்காலியும் கொட்டகைக்கு வந்தன. ஆளே வராத பிரிவின் டாக்டருக்கு அன்றைக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. பிரிவை மூடுகிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. அவள் கூட்டத்தோடு கூட்டமாக ஓர் ஓரத்தில் நின்றாள். நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். வாய் மூடுவதற்குள், "இருக்கேங்க," என்று பதில் வந்தது.