வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வந்த செய்தி

மருதனார்மடத்தில் வீட்டோடு மிளகாய்த்தூள் வறுத்து இடித்து விற்கிறேன். கடைக்காரரின் ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், தூள் அடைக்கிற பைகள் பார்சலில் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் எனக்குப் போன் எடுத்தான். "அக்கா, உங்கடை பார்சல் வந்திருக்கு. போனுக்கு ஒரு இலக்கம் வந்திருக்கும், சொல்லுங்கோ" என்றான். கையில் இருந்த தூளைத் துடைத்துவிட்டு, பார்த்துச் சொல்லிவிட்டேன். பார்சல் வரவில்லை. அந்த இலக்கத்தை வைத்து அவன் என் வட்ஸ்அப்பைத்தான் தன் கைக்குள் எடுத்துவிட்டான்.

என்ன செய்வதென்று தெரியாமல் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வர, என்னிடம் தூள் வாங்கும், கொடிகாமத்தில் கடை வைத்திருக்கும் சிவம் அண்ணை போன் எடுத்தார்.

"பிள்ளை, அவசரமாக் காசு போடச் சொல்லி உன்ரை வட்ஸ்அப்பிலை இருந்து மெசேஜ் வந்திருக்கு. வங்கிக் கணக்கு வேறை ஆற்றையோ. நீயோ கேட்டனி?"

"ஐயோ, நான் இல்லை அண்ணை! போட்டிட்டியளோ?"

"எனக்கென்ன விசரே? வெள்ளிக்கிழமை விளக்கு வைச்சாப் பிறகு ஆரும் காசு குடுப்பினமோ? அந்த நேரம் நீ கேக்கவும் மாட்டாய். உவனுக்குத்தான் அது தெரியேல்லை."

உடனே இரண்டு பேருமாக மற்றக் கடைக்காரருக்கும் சொல்லிவிட்டோம். ஒருவர் காசும் போகவில்லை. மறுநாள் வட்ஸ்அப்பும் திரும்பக் கிடைத்தது.

இப்போது போனுக்கு வரும் இலக்கத்தை ஆருக்கும் சொல்வதில்லை. வட்ஸ்அப்புக்கு, எனக்கு மட்டும் தெரிந்த ஒரு இலக்கத்தால் இரண்டாவது பூட்டும் போட்டிருக்கிறேன். "எந்த நேரமெண்டாலும் என்ரை குரலைக் கேக்காமல் காசு போடாதேங்கோ" என்று கடைக்காரருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இதை வாசித்தால் அந்தக் கள்ளன் இனிக் காலமையில்தானே கேட்பான்!