ஸ்டியரிங் இல்லாத டாங்கி

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்வீடனின் தென்கோடியில் மால்மோ என்ற ஊர். வருஷத்தில் பாதி நாள் தெருவெல்லாம் ஈரமும் சேறும், அதனால் இந்த ஏற்பாடு. வந்த முதல் நாள் பழக்கதோஷத்தில் நான் சாக்ஸையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன். வெறுங்காலோடு நடந்து வந்த என்னைப் பார்த்ததும் அத்தனை பேரும் தங்கள் கணினித் திரையை மிக அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். இந்த ஊரில் ஒருவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றால் அவரைப் பார்க்கவே மாட்டார்கள். காரைக்குடியாக இருந்தால், "ஏத்தா, சாக்ஸு எங்க போச்சு?" என்று யாராவது கேட்டிருப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இங்கே எனக்கு அது விளங்க ஒரு வாரம் ஆனது.

இப்படிச் சாக்ஸ் காலோடு உட்கார்ந்து நாங்கள் செய்வது பீரங்கி. பயப்படாதீர்கள், எல்லாம் திரைக்குள்ளேதான். வேற்றுக்கிரகத்தார் பூமியில் இறங்கிச் சண்டை போடும் ஒரு வீடியோ கேம். அந்த வேற்றுக்கிரகத்தாரின் வண்டிகளை வடிவமைப்பது என் வேலை. ஊரில் யாராவது அப்பாவிடம், "மக என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால், "டாங்கி செய்யுது" என்கிறார். கேட்டவர்கள் ஏதோ ராணுவ ரகசியம் என்று நினைத்து மேற்கொண்டு பேசுவதில்லை. அப்பாவும் திருத்துவதில்லை.

போன வருஷம் என்னிடம் வந்தது ஒரு விமான எதிர்ப்பு டாங்கி. மனிதர்களின் விமானங்களை வீழ்த்த வேற்றுக்கிரகத்தார் ஓட்டி வருவது. மூன்று நாளில் வரைந்து முடித்தேன். ஆள் உயரத்தைத் தாண்டிய நான்கு சக்கரங்கள், அடுக்கடுக்காக மேலே போகப் போக அகலும் உடம்பு, உச்சியில் வானத்தைப் பார்த்த நான்கு குழல்கள். எங்கள் குழுவின் தலைவி லீனா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நல்ல பெண், அளந்து பேசுவாள்.

"இதன் ஸ்டியரிங் எங்கே?" என்று கேட்டாள்.

"எதற்கு?" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவளைக் கிண்டல் செய்யவில்லை. இவ்வளவு பெரிய வண்டிக்கு ஸ்டியரிங் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் பிறந்து முதலில் பார்த்த பெரிய வண்டி எங்கள் ஊர்த் தேர். சாக்கோட்டைப் பக்கம் சின்ன ஊர்தான், ஆனால் தேர் சின்னதல்ல. ஊரே வடம் பிடித்து இழுக்கும். இழுப்பவர்களுக்கு முன்னால் போக மட்டும்தான் தெரியும். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தோடு ஒட்டி நடக்கும் சில ஆட்கள். கையில் ஆளுக்கொரு முட்டுக்கட்டை, ஆப்பு மாதிரி சரிவாகச் செதுக்கிய மரம். வலது சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்தால் அது நிற்கும், இடது சக்கரம் சுற்றி வரும், தேர் வலப்பக்கம் திரும்பும். கொஞ்சம் பிந்தினால் முக்கு வீட்டுச் சுவர் போய்விடும். கொஞ்சம் முந்தினால் தேர் நடுத்தெருவில் முறைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கட்டை போடும் உரிமை எங்கள் ஆசாரிக் குடும்பத்துக்கு உண்டு. அப்பா போட்டார், இப்போது என் தம்பி சேகர் போடுகிறான். வீட்டுக்கு வீடு ஏசி மாட்டுவது அவன் பிழைப்பு. பங்குனி பிறந்துவிட்டால் அவன் கண்ணில் தேர்ச் சக்கரத்தைத் தவிர வேறொன்றும் படாது.

பதினோரு வயதில் நானும் கட்டை போடுகிறேன் என்று கேட்டேன். "நீ வடத்தைப் புடிம்மா. கட்டைக்கு ஆம்பளைக இருக்காக" என்றார் அப்பா. வடம் பிடித்தேன். வடம் பிடிப்பவருக்குத் தேர் முதுகுக்குப் பின்னால் வரும். சக்கரம் கண்ணில் படாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி வழியில் வடத்தை விட்டுவிட்டுத் தெருமுக்குக்கு ஓடிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த முக்கில் நின்றுதான் பார்த்தேன். யார் எப்போது குனிகிறார், எந்தக் குரலுக்குக் கட்டை போகிறது, எந்தக் குரலுக்கு வெளியே வருகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். கை மட்டும் பட்டதில்லை.

ஆக, என் டாங்கிக்கு ஸ்டியரிங் கிடையாது, முட்டுக்கட்டை உண்டு. நான்கு பேர் சேர்ந்து விளையாட வேண்டும். ஒருவர் வண்டியை முன்னால் தள்ளுவார், இரண்டு பேர் இடமும் வலமும் கட்டை போடுவார்கள், ஒருவர் சுடுவார். சுடும்போது இரண்டு பக்கமும் கட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பின்னால் உருண்டு ஓடிவிடும். இதையெல்லாம் லீனாவிடம் விளக்கினேன். "இன்ட்ரெசாண்ட்" என்றாள். சுவாரசியம் என்று அர்த்தம். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். ஸ்வீடன்காரர் அந்தச் சொல்லைச் சொன்னால் 'வேண்டாம்' என்று பொருள் என்பதைப் பக்கத்து மேசைக்காரர் மூன்று நாள் கழித்து மெதுவாகச் சொன்னார்.

வேண்டாம் என்று நேராக யாரும் சொல்லாததால் டாங்கி சோதனை ஆட்டம் வரை போனது, அங்கே என் மானம் போயிற்று. விளையாடிப் பார்த்த எல்லோரும் டாங்கியைச் சுவரில் மோதினார்கள், குளத்தில் இறக்கினார்கள். நான்கு பேரும் வாயைத் திறக்காமல் ஆளுக்கொரு பக்கம் கட்டை போட்டால் வேறென்ன ஆகும்? சுலபமாக இருக்கட்டும் என்று, போட்ட கட்டை இரண்டு நொடியில் தானாகவே வெளியே வருகிற மாதிரி மாற்றினேன். இன்னும் மோசமானது. ஒரு வியாழக்கிழமை ஃபீக்கா நேரத்தில், அதாவது எல்லோரும் காப்பியும் ரொட்டியுமாக உட்காரும் நேரத்தில், லீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. அதிலும் யாராலும் ஓட்ட முடியாவிட்டால் என் டாங்கியை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் வைத்த சாதாரண டாங்கியைப் போடுவார்கள்.

"இதை உலகத்தில் யாராலும் ஓட்ட முடியாது" என்றாள், வருத்தத்தோடுதான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வருஷ உழைப்பு போகிறதே என்பது ஒரு பக்கம். எங்கள் ஊர் வருஷா வருஷம் செய்வதை உலகத்தில் யாராலும் முடியாது என்று ஒருத்தி சொல்லிவிட்டாளே என்பது இன்னொரு பக்கம். "ஓட்டுகிற ஆட்கள் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவர்கள் விளையாடட்டும், உங்கள் ஆட்கள் விமானத்தில் வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். வெளி ஆட்களைச் சோதனைக்குச் சேர்க்க வழி இருந்தது, லீனாவும் சம்மதித்தாள்.

சேகருக்குப் போன் போட்டேன். அவனோடு கட்டை போடுகிற கண்ணன் வலது கட்டைக்கும் மாணிக்கம் இடது கட்டைக்கும் சேர்ந்துகொண்டார்கள், வண்டியைத் தள்ளிக் குரல் கொடுப்பது சேகர். நாலாவது ஆள் ஜெரோம், காரைக்குடியில் கேம் சென்டர் வைத்திருக்கும் சேகரின் கூட்டாளி. "எனக்குத் தேர்ல கட்டை போட உரிமை இல்லக்கா. சுட யாரும் தடை சொல்ல மாட்டாகல்ல?" என்று குழல்களை அவன் எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை விளையாடிப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் சேகர் கூப்பிட்டான்.

"யக்கா, கட்டை தானா வெளிய வருது. எந்த ஊர்லக்கா கட்டை தானா வரும்? போட்டவன்தான எடுக்கணும்?"

"சுலபமா இருக்கட்டும்னு வச்சேன்டா."

"சுலபமா? அது எப்ப வரும்னு தெரியாமப் பயந்துக்கிட்டு இருக்கோம். முக்குல நின்னு அத்தனை வருசம் பாத்தியே, என்னத்தப் பாத்த?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவன் சொன்னது முழுக்கச் சரி. இந்த ஊர் ஆட்களுக்கு வளைந்துகொடுக்கிறேன் என்று என் வண்டியை நானே கெடுத்து வைத்திருக்கிறேன். திங்களன்று அந்த மாற்றத்தை எடுத்தேன். போட்டவரே எடுக்க வேண்டும் என்றாக்கினேன். செவ்வாயும் புதனும் அவர்கள் பழகினார்கள். வியாழனன்று டாங்கி எங்கள் ஊர்ப் பொட்டலூரணி முக்கு மாதிரி ஒரு குறுகிய சந்தில் சுவரைத் தொடாமல் திரும்பியது என்று சேகர் வீடியோ அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை சோதனைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவன் குரல் வேறு மாதிரி வந்தது. இடது கட்டைக்கு இருந்த மாணிக்கம் கட்டட வேலைக்காரர். அன்று காலையில் தொடங்கிய கான்கிரீட் இன்னும் முடியவில்லை. கான்கிரீட்டைப் பாதியில் விட்டுவிட்டு யாரும் வர முடியாது.

"இப்ப என்னடா செய்யிறது?"

"என்ன செய்யிறதா? நீ போடுக்கா."

"நானா?"

"பின்ன? உனக்குத் தெரியாத கட்டையா? உக்காரு."

அவன் யோசிக்கக்கூட இல்லை. ஏதோ குழாயடியில் குடம் பிடிக்கச் சொல்கிற மாதிரி சொன்னான். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கண் கலங்கித் திரை மங்கியது, துடைத்துக்கொண்டேன்.

முதல் திருப்பத்திலேயே முந்திவிட்டேன். வண்டி நடுத்தெருவில் முறைத்துக்கொண்டு நின்றது. "அவசரப்படாதக்கா! எங் கொரலக் கேளு, சக்கரத்த மட்டும் பாரு!" என்று சேகர் கத்தினான். அதன் பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை. "அங்குட்டு போடு! ம்… விடு விடு… எடு! இங்குட்டு கண்ணா, இங்குட்டு! ரெண்டும் போடு! ஜெரோமு, அடி!" நான்கு குழல்களும் முழங்கின. முதல் விமானம் விழுந்தது. பிறகு இரண்டாவது. எங்கள் டாங்கி சந்துக்குள் புகுந்து திரும்பி வேறு தெருவில் எழுந்து நின்றது. விமானத்தில் வந்தவர்கள் அதைத் தேடித் தேடிச் சலித்துப்போனார்கள். நானும் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. யாரையும் நேராகப் பார்க்காத அந்த அலுவலகம் மொத்தமும் சாக்ஸ் காலோடு என் நாற்காலியைச் சுற்றி வந்து நின்று பார்த்தது.

ஹெட்போனைத் தாண்டி அவர்கள் போட்ட சத்தம் லீனாவுக்கும் கேட்டிருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் கவலையோடு கேட்டாள். "அவர்களுக்குள் ஏதாவது சண்டையா?"

"இல்லை. வேலை செய்கிறார்கள்."

"தொழில்முறை ஆட்டக்காரர்களா?"

"ஒருவர் ஏசி மெக்கானிக்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டியரிங் வேண்டாம் என்றாள். வண்டியில் ஏறுகிறவர்கள் குரல் கொடுத்துப் பேசினால்தான் ஓட்ட முடியும் என்று விளையாட்டின் குறிப்பிலேயே எழுதிவிடலாம் என்றாள். நன்றிப் பட்டியலில் போடுவதற்கு ஊரிலிருந்து விளையாடிய மூன்று பேர் பெயரையும் கேட்டாள். கான்கிரீட் போட்ட மாணிக்கம் பெயரையும் சேர்த்து ஐந்தாகக் கொடுத்தேன். ஐந்தில் ஒன்று என்னுடையது. வடிவமைத்தவள் என்று ஏற்கனவே ஓரிடத்தில் இருக்கிறதே என்றாள் லீனா. இருக்கட்டும், இது கட்டை போட்டதற்கு என்றேன். கர்வம்தான். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

அந்த விளையாட்டின் முன்னோட்டப் பட வெளியீடும் எங்கள் ஊர்த் தேரும் ஒரே நாளில் அமைந்தன. விடுப்புக் கிடைக்கவில்லை. இங்கே மதியம், அங்கே வெயில் தாழ்ந்து வடம் பிடிக்கிற நேரம். அப்பா வீடியோ காலில் வந்தார். இரைச்சலுக்கு நடுவே, "தம்பி சொன்னான்மா, கட்டை போட்டியாமே" என்றார். "ஆமாப்பா" என்றேன். "மொதல்ல முந்திட்டியாம். நானும் மொத வருசம் முந்திட்டேன்" என்றார். போனைத் தேரைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தார். வழக்கமாகத் தேர் முழுசும் தெரியத் தூக்கிப் பிடித்துக் காட்டுவார். இந்தத் தடவை தரையோடு தாழ்த்திச் சக்கரத்தைக் காட்டினார்.

தேர் முன்னால் சாக்ஸோடு எப்படி நிற்பது? மேசைக்கு அடியில் குனிந்து ஒரு காலில் கழற்றினேன். அடுத்த காலுக்குக் கையைக் கொண்டுபோகும்போது லீனா கூப்பிட்டாள். "பெரிய திரையில் படம் தொடங்கிவிட்டது, உன் டாங்கி வருகிறது, உடனே வா!" போனைக் கையில் பிடித்தபடி ஓடினேன். பெரிய திரையில் டாங்கி முக்குக்கு வந்தது, உள்ளங்கையில் தேர் முக்குக்கு வந்தது. ஒரு காலில் சாக்ஸ், ஒரு காலில் வெறுந்தரையின் குளிர். எல்லோரும் டாங்கியைப் பார்த்துக்கொண்டிருக்க லீனா மட்டும் என் காலை நேராகப் பார்த்தாள், "சாக்ஸ் ஒன்று எங்கே?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். போனில் சேகரின் குரல் வந்தது, "போடு!" என்று. கையில் கட்டை இருக்கிற மாதிரி நான் குனிந்தேன்.