பிரக்கிராசியார் பூட்டிய வாசிகசாலை

பிரக்கிராசியார் காலமாகிவிட்டார்.

இன்று காலை, லண்டனின் மிச்சம் பகுதியில், மகனின் வீட்டில். செய்தியை வாசித்த கணத்தில் என் கண்கள் கலங்கவில்லை.

இங்கு பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம்: பிரக்கிராசி என்றால் அந்நாளைய யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞர். எங்கள் ஊரில் அவர் கிராமசபைத் தலைவரும்கூட.

உரத்துப் பேசியறியாதவர். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு... அந்த மென்குரல்.

நான் சிறுமியாக இருந்த காலம். என் தமையனார் ஒருநாள் கிராமசபை வாசிகசாலைக்குள் நுழைந்து, வாங்கில், அதாவது பெஞ்சில், அமர்ந்து பத்திரிகை வாசித்தார். தள்ளிவைக்கப்பட்டிருந்த எங்கள் சாதியிலிருந்து அந்த வாங்கில் அமர்ந்த முதல் மனிதர் அவர்.

மறுநாள் வாங்குகளைக் காணவில்லை. தமையனார் நின்றுகொண்டே வாசித்தார்.

அதற்கு மறுநாள் கதவில் பூட்டு.

"திருத்த வேலை நடக்குது தம்பி," என்றார் பிரக்கிராசியார், புன்னகையுடன். "சட்டப்படி எல்லாருக்கும்தானே பூட்டியிருக்கு."

எங்களை உள்ளே விடுவதைவிட, ஊர் முழுவதையும் பத்திரிகை இல்லாமல் இருத்துவது அவருக்கு எளிதாயிற்று. அன்று மாலை அவருடைய ஆட்கள் எங்கள் வேலியோரமாக நடந்து திரிந்தார்கள். அம்மா தமையனாரை அடுப்படியில் ஒளித்து வைத்தார்.

பூட்டு பிறகு திறக்கப்படவேயில்லை. கடையில் சீனி சுற்றித் தந்த தாள்களை விரித்து வைத்துத்தான் நான் தமிழ் கற்றேன். எவரும் கற்பித்ததன்று. அதனை இன்றும் பெருமையுடன் உரைப்பேன்.

பல்லாண்டுகளின் பின்னர், லண்டன். ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் வரவேற்புரை ஆற்றிவிட்டு மேடையிலிருந்து இறங்குகிறேன். எதிரே கைத்தடியுடன் அவர்.

"அருமையான தமிழ், பிள்ளை. ஊரிலை எந்தப் பக்கம்?"

இக்கேள்வி எதை அறியக் கேட்கப்படுகிறது என்பது நம்மவர் அனைவருக்கும் தெரியும்.

"வாசிகசாலைக்குப் பின்பக்கம், ஐயா."

"ஓ... ஓம், ஓம்."

அவ்வளவுதான்.

அடுத்த சங்கக் கூட்டம் அவருடைய வீட்டில். எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. எனக்கு மட்டும் பேப்பர் கப்.

"என்ன அக்கா, உங்களுக்கு மட்டும் டேக் அவேயோ?" என்று செயலாளர் பகிடி விட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள்.

பிரக்கிராசியாரும் சிரித்தார். என்னையே பார்த்தபடி.

சங்கத்தில் நான் யாரென்று அறிந்தவர் அவர் ஒருவரே. ஒவ்வொரு விழாவிலும் அவருடைய வாயையே கவனித்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கும் செயலாளரின் மகனுக்கும் திருமணம் நிச்சயமான பின்னர், ஒழுங்கான உறக்கம்கூட இல்லை...

இன்று மதியம் செயலாளர் போன் எடுத்தார். முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டு என்னும் நினைவு மலருக்கு, இறந்தவரின் பெருமை கூறும் பாக்களை நானே இயற்ற வேண்டுமாம்.

"உங்கட தமிழுக்குக் கிட்ட ஆர் அக்கா வர ஏலும்? ஊருக்கு வாசிகசாலை நடத்தின மனுசன். அதை மறக்காமல் போடுங்கோ."

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றேன்.

மகளிடம் சொன்னேன்.

"எழுதுங்கோ அம்மா. ஆனா நடந்ததை எழுதுங்கோ. என்னைக் கட்டப்போறவருக்கு நான் எப்பவோ எல்லாம் சொல்லிட்டன்."

"அவரின்ரை அப்பாவுக்கு?"

"அது... தெரியாதம்மா."

எழுதிவிட்டேன், செயலாளர் அவர்களே. கல்வெட்டுப் பாக்களை அல்ல, இதைத்தான். நீங்கள் கேட்டுக்கொண்டவாறே வாசிகசாலையை மறக்கவில்லை.

இதை வாசித்த பின் அழைப்பீர்களா, அழைக்க மாட்டீர்களா... போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

விடைபெறுங்கள், பிரக்கிராசியார் ஐயா.

'சென்று வாருங்கள்' என்று எழுதக் கை வரவில்லை.