கண்ணாடிக் கடைக்காரனும் மகளும்

உத்தமபாளையத்தில் கண்ணாடிக் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்காக, நான் அசடு வழிந்த கதையைச் சொல்கிறேன்.

1. நாலாவது ஃப்ரேம்

என் மகள் சபீனா பிறக்கும்போதே மூச்சுத் திணறியவள். ஒரு வயதாகியும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சும்மா இருப்பேனா? பவர் பார்க்கிற ட்ரையல் ஃப்ரேமை மாட்டி, பெட்டியிலிருந்த லென்ஸை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். மூன்று கண்ணாடி செய்தேன். மூன்றையும் கழற்றி எறிந்தாள். ஃப்ரேம்தான் சரியில்லை என்று நாலாவதும் செய்தேன்.

கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மா சொன்னார்: "கண்ணுல கோளாறு இல்ல. கண்ணு அனுப்புறத மூளை புரிஞ்சுக்கத்தான் சிரமப்படுது. கண்ணாடி போட்டு இதச் சரிபண்ண முடியாது."

"சரி டாக்டர், பவர் எவ்வளவு?" என்று கேட்டேன்.

மனைவி நூர்ஜஹான் என் காலை மிதித்தாள்.

2. 'நடிக்கிறா'

சபீனாவுக்கு நாலு வயது. வீட்டில் வெறும் பாயில் கிடந்த மஞ்சள் பந்தைத் தானாகப் போய் எடுத்தாள். மறுநாள் கடையில் நல்ல கூட்டம். அதே பந்து காலடியில் கிடந்தும் தெரியாமல், நேராகப் போய் ஸ்டாண்டில் மோதினாள். ஃப்ரேமெல்லாம் தரையில்.

"நேத்து எடுத்தேல்ல? இன்னிக்கு என்ன நடிக்கிற?" என்று கத்தினேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள். கண்ணாடி வாங்க வந்திருந்த, பக்கத்து ஊர் கோம்பை விவசாயி ஒருவர், "ஏப்பா, கண்ணாடி விக்கிற நீயே கண்ணு தெரியலன்னு புள்ளையத் திட்டுறியே?" என்றார்.

அந்த வாரம் தேனியிலிருந்து, பார்வைக் குறைவுள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற சிறப்பு ஆசிரியை வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க எனக்கே கண்ணு கூசுது சார். நாலு பக்கமும் ஃப்ரேம அடுக்கி வச்சிருக்கீக. நீங்களும் கட்டம் போட்ட சட்டை. அவளுக்கு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோகும். சத்தம் சேந்தா, அசந்துட்டா, நேத்துத் தெரிஞ்சது இன்னிக்குத் தெரியாது. புள்ள நடிக்கல."



3. மஞ்சள் சட்டை

ஆசிரியை சொன்னபடி, எதுவும் கலந்து தெரியாமலிருக்க ஒரு சுவரைக் காலிசெய்து கறுப்புத் துணி கட்டினேன். பக்கத்துக் கடை பாய் துக்கம் விசாரிக்கப் பதறி ஓடிவந்தார். "யாரு மவுத்தாப் போனாக?"

அந்தப் பந்து மாதிரி அவளுக்குத் தெரியட்டும் என்று மஞ்சளில் நாலு சட்டை தைக்கக் கொடுத்தேன். "எந்தக் கட்சில சேந்திருக்கீக?" என்றார் டெய்லர்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, கடையைத் திறக்கும் முன், ஆசிரியை சொன்னபடி மஞ்சள் சட்டை போட்டுக் கறுப்புத் துணிக்கு முன்னால் வாயைத் திறக்காமல் நின்றேன். வாயைத் திறக்காமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வாசலில் சபீனா அம்மா கையைப் பிடித்தபடி நின்றாள்; பக்கத்தில் ஆசிரியை. நான் கையை மெதுவாக அசைத்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் தலை என் பக்கம் திரும்பியது. அம்மா கையை விட்டுவிட்டு நேராக வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"அத்தா!"

நான் விசும்பிவிட்டேன். "அழுகாதீக சார், சத்தம் கேட்டா அவ கவனம் போயிரும்" என்று ஆசிரியை அதட்டினார். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

தம்பிகளா, குழந்தைக்குப் பார்வை சரியில்லை என்று யாராவது வந்தால் ட்ரையல் ஃப்ரேமை எடுக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். குழந்தை எதைப் பார்க்கிறது, எப்போது பார்க்கிறது என்று பெற்றவளிடம் கேளுங்கள். நடிக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் கத்தியதை சபீனா மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.