ஒத்திவைத்த கூட்டம்

கண்ணாயிரம் ஐயா போன சித்திரையில் படுக்கையில் இறந்தார். படுக்கையில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய தை மாதத்தில், இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் சாகப்போகிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நகராமல் உட்கார்ந்தே இருக்கும் வயதானவர்களுக்கு வால் எலும்பின் மேலே முதலில் தோல் சிவக்கும். பிறகு கருக்கும். பிறகு குழி விழும். குழியில் சீழ் வைத்து அது ரத்தத்தில் ஏறினால் கதை முடிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குச் சிவந்திருந்தது.

அவரைப் பார்த்துக்கொள்ள நர்ஸாக என்னை அமர்த்தியது அவர் மகள் சுஜாதா. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும்.

"ஆராயிம்மா, அப்பாவால பெரிய தொந்தரவு எதுவும் இருக்காது. மதியானத்துல மட்டும் கொஞ்சம் பேசுவாரு."

"யாருகிட்ட?"

"அவரோட கமிட்டிகிட்ட" என்றாள். சிரிக்கவில்லை.

வீடு கடப்பாக்கத்துக்குத் தெற்கே, கடலோரக் கழியைப் பார்த்து நிற்கிறது. உள்ளே ஒரு நீளமான கூடம், அதன் நடுவில் நீளமான மேசை, சுற்றிலும் பிரம்பு நாற்காலிகள். ஒற்றை ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு அத்தனை நாற்காலிகள் எதற்கு என்று சமையல்கார பாப்பாவைக் கேட்டேன். மீன் ஆய்ந்துகொண்டே அவள் சொன்னதும், பின்னால் சுஜாதா சொன்னதும் சேர்ந்துதான் இந்தக் கதை.

கண்ணாயிரம் ஐயா திருப்போரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கட்டட வேலை படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுது பார்ப்பதில் நல்ல பெயர் எடுத்தார். ஓய்வு பெற்றதும் டெல்லியில் இருக்கும் தேசியத் தொன்மைக் காப்பு அறக்கட்டளையின் ஆட்சிக்குழுவில் அவரை உறுப்பினராக்கினார்கள். சில வருடங்களில் தலைவரும் ஆக்கினார்கள். அதற்குக் காரணம் சுண்ணாம்பு அல்ல. அந்தக் குழுவில் யாரோடும் சண்டை போடாத ஒரே ஆள் அவர்தான். யார் எதைக் கேட்டாலும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னதில்லை. "பார்க்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லில் வாழ்க்கை முழுக்க நல்லவராக இருந்துவிட்டார்.

கழிக்கரையில் இடிந்த உப்புக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. அதற்குள்ளே, சுவர் ஓரமாக, கன்னிமார் கற்கள். மாசி மாதம் சுற்றுக் குப்பத்து ஆட்கள் வந்து விளக்கேற்றிப் பொங்கல் வைப்பார்கள். எண்ணெயும் புகையும் பட்டுச் சுவரின் பூச்சு உதிர ஆரம்பித்தது. வழிபாட்டை அனுமதிப்பதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க ஆட்சிக்குழுவே நேரில் வந்தது. பல ஊர்க்காரர்கள். கிடங்கைப் பார்த்துவிட்டு, கூட்டத்தைத் தலைவர் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. சமமாக நின்றால் தலைவர் தன் ஓட்டைப் போட வேண்டும். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"சாப்பிட்டுட்டு வந்து பார்க்கலாம். கூட்டம் ஒத்திவைக்கப்படுது" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் ஒருவருக்கு விமானம், ஒருவருக்குத் தலைவலி. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அந்த அறக்கட்டளையில் ஒரு விதி உண்டாம். ஒத்திவைத்த கூட்டம் மறுபடி கூடி முடிகிற வரைக்கும், பேச்சில் இருக்கும் இடம் அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அன்றைக்கு அது எப்படி இருந்தது? பெரிய மனிதர்கள் பார்வையிடும்போது கூட்டம் சேரக் கூடாது என்று காலையில் கிடங்குக் கேட்டில் ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் கழற்ற வேண்டிய பூட்டு. அது வருடக்கணக்காக அப்படியே தங்கிவிட்டது.

பதவிக்காலம் முடிந்தது. புதிதாக வந்த குழுவுக்கு உப்புக் கிடங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஊரார் டெல்லிக்காரர்களைத் திட்டினார்கள். கண்ணாயிரம் ஐயா நம்ம ஆள், நமக்காகத்தான் பேசினார் என்று நம்பினார்கள். அவர் அதை மறுக்கவில்லை.

"எனக்கு அம்மா வூடு கன்னிமார் கும்புட்ற வூடு" என்றாள் பாப்பா. "கட்டிகினது ஏசுபாதத்த. அந்த ஆளு ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போவுது, மத்த நாளெல்லாம் கன்னிமாருக்குக் காவல் குந்திகினு கீது. சாவியும் அதுங்கிட்டதான் கீது. நான் எங்கன்னு போயி சண்ட போட்றது?"

ஏசுபாதம் அந்தக் கேட்டின் காவலாளி. பழைய பூட்டைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருப்பவர்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூளை குழம்பிய நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். போர்வையை நோண்டுவார்கள், சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார்கள், செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுவார்கள். கண்ணாயிரம் ஐயா அப்படி இல்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடத்துக்கு வந்து தலைமாட்டு நாற்காலியில் உட்காருவார். வெயில் தரையில் பளபளக்கும். ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்து வணக்கம் சொல்வார். ஏதோ கேட்பார். பிறகு காத்திருப்பார். ஒரு மனிதர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். நடுவில் தலையாட்டுவார். ஒருமுறை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கையை நீட்டி, "ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்க" என்றார்.

ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் வணக்கம் சொல்ல மாட்டார். சன்னல் பக்கத்து நாற்காலி.

"அது மைசூர் மேடத்தோடது, சிஸ்டர். அவங்க இன்னும் வரல" என்றார்.

சாயங்காலம் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவைப்பது என் வழக்கம், அவர் தடுக்கி விழக் கூடாது என்பதற்காக. முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். படுத்தவர்களைப் புரட்டிப் போட்டே என் காலம் போயிருக்கிறது. வெயில் பட்ட சூடு எது, உடம்பு பட்ட சூடு எது என்று என் கைக்குத் தெரியும். பிரம்பு இருக்கைகளில் இருந்தது உடம்புச் சூடு. நடுவில் கூடுதலாக, ஓரத்தில் குறைவாக. சன்னல் பக்கத்து நாற்காலி மட்டும் சில்லென்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாப்பா வேலையை விட்டுப் போய்விடுவாள், பிறகு சமையலும் என் தலையில் விழும்.

தை மாதம் ஒரு மதியம் அவர் சன்னல் பக்கம் பார்த்து, பாதி எழுந்து, கை கூப்பினார். "வாங்க மேடம், வாங்க. இவ்வளவு தூரம்..." என்றார். முகம் வெளுத்துவிட்டது. அன்று மாலை சுஜாதா போன் செய்தாள்.

"ஆராயிம்மா, அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க. மைசூர்ல அவரோட கமிட்டி மேடம் இருந்தாங்க இல்ல, காலைல தவறிட்டாங்களாம். அந்தக் குழுவுல அப்பா மட்டும்தான் மிச்சம்."

நான் போனை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, படுக்கப் போலாம்."

"எல்லாரும் வந்தாச்சு, சிஸ்டர். கூட்டம் கூடியிருக்கும்போது தலைவர் எழுந்து போகலாமா?"

அன்று இரவு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மறுநாளும். தூக்கினால் மேசையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அந்த எலும்பு உடம்புக்குள் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. சாப்பாடு இரண்டு வாயோடு சரி. நிற்கவைத்து, உள்ளாடை மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில் புண்ணைப் பார்த்தேன். சிவப்பு கருக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் வந்தார், ஊசி போட்டுத் தூங்கவைத்துப் படுக்கவைத்தோம். கண் விழித்ததும் நாற்காலிக்குத் தவழ்ந்து போனார். இன்னொரு வாரம் இப்படியே போனால் குழி விழும். நோயாளியோடு வாதம் பண்ணுவதில் பயன் இல்லை என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவர் எந்த அறையில் இருக்கிறாரோ அந்த அறைக்குள் நாம்தான் போக வேண்டும்.

"ஐயா, கூட்டத்த முடிச்சிட்டா எழுந்திருப்பீங்களா?"

"முடிக்கணும்னா கோரம் வேணுமே, சிஸ்டர்." கோரம் என்றால் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கு.

"எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காலமானவங்களக் கணக்குல சேர்க்க விதி இடம் கொடுக்காது. என்னைத் தவிர உசுரோட மூணு பேர் வேணும். காலி இடத்துக்கு ஆள் நியமிக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு."

பாப்பாவையும் ஏசுபாதத்தையும் கூப்பிட்டேன்.

"நான் வரமாட்டேன்க்கா. அந்தக் கூடத்துல குந்துனா எனக்கு முதுவெல்லாம் சில்லுங்குது" என்றாள் பாப்பா.

"ஏம்மே, நான்தான் கூட கீறேன்ல" என்றார் ஏசுபாதம்.

"நீ கீறதுதான் எனக்கு முதல் பேஜாரு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஐயா எங்கள் மூவருக்கும் இடம் காட்டினார். எனக்குச் சன்னல் பக்கம். "மேடம் தள்ளி உட்கார்ந்துப்பாங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியே இருந்துகொண்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார். குரல் மாறிவிட்டது. கட்டளை போடும் குரல்.

"ஒத்திவைத்த கூட்டம் தொடங்குது. உப்புக் கிடங்குல வழிபாட்டுக்குக் கேட்டைத் திறக்கலாமா? திறக்கலாம்கிறவங்க கை தூக்குங்க."

பாப்பா பட்டென்று கையைத் தூக்கினாள்.

"பூட்டியே இருக்கணும்கிறவங்க?"

ஏசுபாதம் மெதுவாகக் கையைத் தூக்கினார். பாப்பா வாயைப் பிளந்தாள்.

"யோவ்! இன்னாய்யா பண்ற?"

"தொறந்துட்டா அப்பால காவலுக்கு ஆளு எதுக்கு? சோத்துக்கு இன்னா பண்றது? கன்னிமாரா வந்து போடும்?"

"வூட்டுக்கு வா, போட்றேன் சோறு!"

"அமைதி" என்றார் ஐயா. என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

நான் கை தூக்கவில்லை. அந்தக் கேட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல நான் யார்? என் கவலையெல்லாம் அவருடைய தோல். "எனக்கு ஓட்டு வேண்டாம், ஐயா."

"அப்போ சமம்" என்றார்.

கூடத்தில் சத்தம் நின்றது. கடல் இரைச்சல் எப்போதும் உள்ளே கேட்கும். அது கேட்கவில்லை. காலி நாற்காலி ஒன்று கிறீச்சென்றது, யாரோ நன்றாகக் கேட்பதற்காக முன்னே சாய்ந்ததுபோல. பிறகு இன்னொன்று. ஏசுபாதம் சட்டைக்குள் கையை விட்டுச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். ஐயா மேசையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். "பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். வாயும் அதற்குத்தான் குவிந்தது. ஆனால் அவர் பாப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"பூட்டியே இருக்கட்டும்" என்றார். "எண்ணெய்ப் புகையில அந்தப் பூச்சு நிக்காது. அன்னைக்கே எனக்குத் தெரியும். என் ஓட்டு அதுக்குத்தான். டெல்லிக்காரங்க இல்ல, பாப்பா. நான்தான்."

பாப்பா எழுந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர், குரலில் நெருப்பு.

"இத அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, கல்ல எடுத்துகினு போயி வேற எடத்துல வெச்சிருப்போமே, நைனா! எங்கம்மா தொறப்பாங்க தொறப்பாங்கன்னு கேட்டாண்டயே கற்பூரம் ஏத்தி ஏத்தி செத்துச்சு. நீ நம்ம ஆளுன்னு வாய்க்கு வாய் சொல்லிகினு கெடந்துச்சு."

அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அடுத்து வந்த மாசியில் குப்பத்து ஆட்கள் கற்களைப் பெயர்த்து, பனைமரங்களுக்கு நடுவே தங்கள் சொந்த மண்ணில் வைத்தார்கள். ஏசுபாதம் பூட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அந்தப் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, "கூட்டம் முடிந்தது" என்றார் ஐயா. மேசையைப் பிடித்திருந்த கைகளை எடுத்தார்.

நான் அவர் இடுப்பில் ஒரு கையும் தோளுக்கடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினேன். சிறு பிள்ளையைப் போல எழுந்தார். வாசல் கதவுவரை நடத்திப் போனேன். படுக்கையறைக்கு அந்தக் கதவை ஒட்டித்தான் போக வேண்டும். திறந்திருந்த கதவருகே அவர் நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்புகிறவர்போல ஒதுங்கி நின்று, "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்றார்.

ஒல்லியான உடம்பு. என் மேல்தான் முழுக்கச் சாய்ந்திருந்தார். அதனால் எனக்குத் தெரிந்தது. நெரிசலான பஸ்ஸில் இறங்குகிறவர்கள் நம்மை இடித்துக்கொண்டு போவார்களே, அப்படி அவர் தோள் பின்னால் தள்ளப்பட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு இடி. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு இடிக்கும் நான் காலை ஊன்றி அவரைத் தாங்கிக்கொண்டேன். காற்று இல்லை. கடைசியாக ஒன்று, மற்றதைவிட மெல்லியது. அது என் கையையும் உரசிக்கொண்டு போனது.

"சாத்திடுங்க, சிஸ்டர்" என்றார்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவரை இடது பக்கமாகப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தேன். பாப்பா கஞ்சியைக் கொண்டுவந்து ஸ்டூலில் ணங்கென்று வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் போனாள். அவர் அதை முழுவதும் குடித்தார்.