பழைய தொழுவத்தில் ஒரு பிரசவம்

அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு பழைய மாட்டுப் பண்ணையில் ஆர்லீன் ஹாகென் முதுமை வரைக்கும் மாடு பார்த்தாள். கோடையிலும் வசந்தத்திலும், வருகிறவர்களுக்குப் பண்ணையைச் சுற்றியும் காட்டுவாள்.

ஏப்ரலில் ஒரு நாள், பனி கொட்டிக்கொண்டிருந்தது. காட்சிக்காகப் பாதுகாத்துவந்த மரத்தொழுவத்துக்குள் ஒரு கூட்டத்தை அழைத்துப் போனாள். அலங்காரமாகப் பரப்பியிருந்த வைக்கோலில் ஒரு சிவப்புப் பசு படுத்து முக்கிக்கொண்டிருந்தது.

புதிதாக வந்திருந்த இளம் மேலாளர் ராய்ஸ் பதறி ஓடிவந்தான்.

"ஆர்லீன், இது மியூசியம்! அத வெளிய ஓட்டுங்க."

"இந்தப் பனியிலயா? வேணும்னா நீ போய் நில்லு. மாடு ஈனுறதுக்குத்தானப்பா இதைக் கட்டினாங்க!"

கன்றின் முன்கால்கள் மட்டும் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டன. ஆர்லீன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டாள்.

"பூட்ஸ் அழுக்காகுமேன்னு பாக்காதே, ராய்ஸ். வந்து பிடி."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து ராய்ஸின் மடியிலேயே விழுந்தது. கூட்டம் கைதட்டியது. பசு கன்றை நக்கியது, கூடவே அவன் கையையும் நக்கியது.

"பொட்டக் கன்னு, ஆர்லீன்!" என்றான் அவன், தானே பெற்றதுபோல.

ஆர்லீனுக்குச் சிரிப்பு வந்தது. அன்றுதான் அவனை அவளுக்குப் பிடித்தும் போயிற்று.